விசாரிக்காத வரனும் வந்து சேராத பார்சலும்

நம் ஊர்ப்பக்கம் ஒரு வரன் வந்தால், பேச்சு முற்றுவதற்கு முன்பே வீட்டில் யாராவது ஒருவர் பஸ் ஏறிவிடுவார். தாய்மாமனாக இருப்பார், இல்லையென்றால் சித்தப்பா. அவர் நேராக மாப்பிள்ளை வீட்டுக்குப் போக மாட்டார். அந்தத் தெருமுனையில் உள்ள டீக்கடைக்குப் போவார். வாடகைக்கு வீடு தேடி வந்தவர் போலப் பேச்சுக் கொடுப்பார். ரேஷன் கடை வாசலில் நிற்பவர்களிடம் இரண்டு வார்த்தை, பையன் வேலை பார்க்கும் அலுவலகத்தின் காவலாளியிடம் இரண்டு வார்த்தை. சாயங்காலம் திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்து, "விசாரித்துவிட்டேன்" என்பார்.

அந்த விசாரிப்பில் சாதி பார்த்ததுண்டு, சொத்துக் கணக்குப் பார்த்ததுண்டு. கட்டிக்கொள்ளப் போகிறவளின் விருப்பத்தை ஒருமுறைகூடக் கேட்காத கொடுமையும் உண்டு. அதையெல்லாம் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு காரியத்தை அது பிசகாமல் செய்தது. இன்ன பெயரில், இன்ன தெருவில், இன்ன வேலையில் அப்படி ஒரு ஆள் உண்மையிலேயே இருக்கிறானா என்பதை மூன்றாவது மனிதர் ஒருவர் கண்ணால் பார்த்துவிட்டு வந்து சொன்னார்.

இணையத்தில் காதலையும் கல்யாணத்தையும் காட்டிப் பணம் பறிப்பவர்களின் வேலையைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் ஒன்று புலப்படும். அவர்கள் சொல்லும் பொய்களில் பாதிக்கு மேல், இந்த மூன்றாவது மனிதர் உள்ளே வந்துவிடாமல் பார்த்துக்கொள்வதற்காகவே சொல்லப்படுபவை.

ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வோம். இவர் தனியொருவர் அல்லர்; இத்தகைய வழக்குகளில் திரும்பத் திரும்ப வரும் சங்கதிகளைச் சேர்த்து நான் வரைந்துகொண்ட உருவம். தஞ்சாவூர்ப் பக்கம் பள்ளி ஆசிரியை. வயது 39. கணவர் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. மகன் ஒன்பதாம் வகுப்பு. தோழி ஒருத்தி வற்புறுத்தியதால் திருமணத் தகவல் தளம் ஒன்றில் பதிவு செய்கிறார். பத்து நாளில் ஒரு விருப்பச் செய்தி வருகிறது. லண்டனில் எலும்பு மருத்துவர், இந்திய வம்சாவளி, மனைவி புற்றுநோயில் இறந்துவிட்டார், எட்டு வயதில் ஒரு மகள். புகைப்படத்தில் வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப், பக்கத்தில் ஒரு நாய்.

இரண்டாம் நாளே, "நான் இந்தத் தளத்துக்கு அடிக்கடி வர மாட்டேன், வாட்ஸ்அப்பில் பேசலாமா?" என்று கேட்கிறார். இது சாதாரணக் கேள்வியாகத் தோன்றும். உண்மையில் இதுதான் முதல் கதவு. தளத்துக்குள் இருக்கும் வரை, வேறு நான்கு பெண்கள் அந்தக் கணக்கைப் பற்றிப் புகார் செய்தால் தளம் அதை முடக்கும். தொடர்பில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை அனுப்பவும் வாய்ப்புண்டு. வாட்ஸ்அப்புக்கு வந்த பிறகு அந்தக் கணக்கு முடக்கப்பட்டாலும் இவருக்குத் தெரிய வராது. எண் +44 என்று தொடங்குவதால் ஆள் பிரிட்டனில் இருப்பதாக நம்பிவிடுகிறோம். அந்த எண்ணை உலகின் எந்த மூலையில் உட்கார்ந்துகொண்டும் இணையத்தில் வாங்கலாம்.

அடுத்த ஆறு வாரங்களில் பணத்தைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. காலையில் ஒரு செய்தி, மதியம் ஒரு செய்தி: "சாப்பிட்டீர்களா?" மகனுக்குக் கணக்குத் தேர்வு என்றால் மறக்காமல் கேட்கிறார். தலைவலி என்றால் மருந்தின் பெயர் சொல்கிறார். இந்த "சாப்பிட்டீர்களா"வைப் படித்துவிட்டுச் சிரிப்பவர்கள், ஆறு ஆண்டுகள் தன் தட்டில் தானே சோறு போட்டுத் தனியாகச் சாப்பிட்டவரின் இடத்தில் ஒரு நாள் இருந்து பார்க்க வேண்டும். அந்தக் கேள்வி எவ்வளவு பெரிய கேள்வி என்பது அப்போது விளங்கும். ஏமாற்றுகிறவனுக்கு அது நன்றாக விளங்கியிருக்கிறது. அவனிடம் உள்ள மூலதனம் பொறுமைதான்.

கூடவே இன்னொரு வேலையும் நடக்கிறது. "நம் விஷயத்தை இப்போதைக்கு யாரிடமும் சொல்ல வேண்டாம். நான் வந்து உங்கள் அண்ணனிடம் நேரில் பேசுகிறேன், அதுதான் மரியாதை" என்கிறார். கேட்பதற்கு எவ்வளவு பண்பாகத் தெரிகிறது! தாய்மாமன் பஸ் ஏறுவதை நிறுத்தியாகிவிட்டது.

பிறகு ஒரு நாள் வீடியோ ஒன்று வருகிறது. திறந்த அட்டைப் பெட்டி. உள்ளே தங்கச் சங்கிலி, மடிக்கணினி, கைப்பை, வாசனைத் திரவியம், மகனுக்கு ஒரு கைக்கடிகாரம். அடியில் ஓர் உறை, அதில் பவுண்டு நோட்டுகள். "உங்களுக்கு ஒரு சிறிய அன்பளிப்பு." இரண்டு நாள் கழித்து, டெல்லி விமான நிலையச் சுங்கத்துறையிலிருந்து பேசுவதாக ஒரு பெண் குரல். பார்சல் வந்திருக்கிறது, வரி 38,500 ரூபாய். ஆசிரியை கட்டுகிறார். மறுநாள் அதே குரல் கடுமையாகிறது: பெட்டிக்குள் கணக்கில் காட்டாத வெளிநாட்டுப் பணம் இருப்பது ஸ்கேனில் தெரிந்துவிட்டது, இது சட்டவிரோதப் பணப் பரிமாற்ற வழக்கு, பெறுநர் என்ற முறையில் உங்கள் மீதும் வழக்கு வரும், சான்றிதழ் வாங்க 1,25,000 ரூபாய். லண்டன்காரரை அழைத்தால் அவர் அழுகிறார். "என்னால் உங்களுக்கு இந்தக் கஷ்டம். இப்போது கட்டிவிடுங்கள், வந்ததும் தருகிறேன்." மூன்றாவது தொகை 2,80,000. அதற்கு நகையைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைக்கிறார்.

இதில் காதல் எங்கே முடிந்து பயம் எங்கே தொடங்கியது என்பதைக் கவனியுங்கள். முதல் தொகை ஆசைக்காகப் போனது என்று வெளியில் இருப்பவர்கள் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். இரண்டாவதும் மூன்றாவதும் ஆசைக்காகப் போகவில்லை. வழக்கு, கைது, பள்ளியில் அவமானம், மகனின் முகம் இவற்றை நினைத்துப் போனவை. கட்டிய பணத்தை விட்டுவிட மனமில்லாமல் மேலும் கட்டுவதும் இதோடு சேர்ந்துகொள்கிறது. சீட்டுக் கட்டி ஏமாந்த எல்லாருக்கும் தெரிந்த மனநிலை இது.

சுங்கத்துறை உண்மையில் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்திருந்தால் இந்த நாடகம் முதல் காட்சியிலேயே கலைந்திருக்கும். வெளிநாட்டிலிருந்து வரும் பொருளுக்கு வரி உண்டு என்பது உண்மை. அந்த உண்மையின் மேல்தான் பொய்யைக் கட்டுகிறார்கள். ஆனால் அந்த வரி அரசுக் கணக்கில் சேர்வது. அஞ்சல் துறையோ கூரியர் நிறுவனமோ ரசீதோடு வசூலிக்கும். எந்தச் சுங்க அதிகாரியும் கைபேசியில் அழைத்து, தனிநபரின் சேமிப்புக் கணக்குக்கு அனுப்பச் சொல்ல மாட்டார். சுங்கத்துறையிலிருந்து எழுத்தில் வரும் கடிதங்களுக்கு 2019 முதல் ஆவண அடையாள எண் ஒன்று தரப்படுகிறது; அது மெய்யானதா என்பதை மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். இதே நாடகத்தில் சில சமயம் ரிசர்வ் வங்கி அதிகாரியும் வேடம் கட்டி வருவார். ரிசர்வ் வங்கி தனிநபர் யாருக்கும் பணம் போட்டு எடுக்கும் கணக்கு வைத்துக்கொடுப்பதில்லை. அது ஒன்று தெரிந்தால் போதும்.

பணம் அனுப்பும்போது திரையில் வந்த பெயரை அந்த ஆசிரியை பார்த்தார். முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் பெயர். கேட்டதற்கு, "அவர் எங்கள் ஏஜென்ட், மேடம்" என்று பதில் வந்தது. யூபிஐயில் இந்தப் பெயர் முன்பிருந்தே தெரிகிறது. இணைய வழி நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் பரிமாற்றத்திலும் பெறுபவரின் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரலுக்குள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு உத்தரவிட்டது. அந்தப் பெயர் ஒரு வினாடிதான் திரையில் நிற்கும். அந்த ஒரு வினாடி, டீக்கடையில் நின்று விசாரித்த தாய்மாமனின் கடைசி மிச்சம். அதைத் தாண்டிப் போகாதீர்கள்.

லண்டன் மருத்துவர் என்பது ஒரு வேடம். வேறு வேடங்களும் உண்டு: கடல் நடுவே எண்ணெய்க் கிணற்றில் பொறியாளர், சரக்குக் கப்பலின் கேப்டன், சிரியாவிலோ ஏமனிலோ அமைதிப் படையில் இருக்கும் அமெரிக்க ராணுவ அதிகாரி, ஐக்கிய நாடுகள் சபையின் மருத்துவர். இந்த வேலைகளையெல்லாம் ஏன் தேர்ந்தெடுக்கிறார்கள்? நேரில் வர முடியாமைக்கும், வீடியோவில் முகம் தெளிவில்லாமல் இருப்பதற்கும், திடீரென்று நான்கு நாள் காணாமல் போவதற்கும், அவசரமாகப் பணம் கேட்பதற்கும் இந்த வேலைகளே காரணம் சொல்லிக்கொடுத்துவிடுகின்றன. ராணுவ வீரர் விடுப்பு எடுக்கப் பணம் கட்ட வேண்டும், உணவுக்கும் மருத்துவத்துக்கும் காதலி பணம் அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் பொய் என்று அமெரிக்க ராணுவத்தின் குற்றப் புலனாய்வுப் பிரிவு பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையத்துக்கு 2022ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 70,000 பேர் காதல் மோசடிப் புகார் கொடுத்தார்கள். இழந்த தொகை 130 கோடி டாலர். இது புகார் கொடுத்தவர்களின் கணக்கு மட்டும். வெட்கப்பட்டுப் பேசாமல் இருந்தவர்களின் கணக்கு இதில் வராது.

ஆண்களுக்கு விரிக்கப்படும் வலை சற்று வேறு. வாட்ஸ்அப்பில் தவறான எண்ணுக்கு வந்தது போல ஒரு செய்தி: "டாக்டர், நாளைக்கு என் நாய்க்கு நேரம் கிடைக்குமா?" நீங்கள் "தவறான எண்" என்று பதில் போட்டால், மன்னிப்பு, நன்றி, பிறகு நட்பு. அந்தப் பெண் சிங்கப்பூரிலோ ஹாங்காங்கிலோ இருக்கிறாள், நல்ல வசதி. பணத்தை எப்படிப் பெருக்கினாள் என்பதைப் போகிற போக்கில் சொல்கிறாள். ஒரு செயலியைக் காட்டுகிறாள். நீங்கள் 10,000 ரூபாய் போடுகிறீர்கள். திரையில் 13,000 ஆகிறது. எடுத்துப் பார்க்கிறீர்கள், உண்மையாகவே வங்கிக்கு வந்துவிடுகிறது. நம்பிக்கையை விலைக்கு வாங்க அவர்கள் போடும் முதலீடு அந்த 3,000 ரூபாய். பிறகு சேமிப்பு, வருங்கால வைப்பு நிதி, கடன் எல்லாம் உள்ளே போகும். திரையில் கோடிகள் காட்டும். எடுக்கப் போனால், "முதலில் முப்பது சதவீதம் வரி கட்டுங்கள்" என்று வரும். லாபத்தில் கழித்துக்கொள்ளாமல், வெளியிலிருந்து வரியைக் கொண்டுவந்து கட்டச் சொல்லும் வர்த்தகத் தளம் ஒன்றுகூட உலகத்தில் கிடையாது. அந்தச் செயலியும் அதில் ஏறி இறங்கும் எண்களும் அவர்கள் வரைந்த படம்.

சீன மோசடிக் கும்பல்கள் இதற்கு 'ஷா சூ பான்' என்று பெயர் வைத்தன. கொழுக்க வைத்துப் பன்றியை அறுப்பது என்று பொருள். பல நாட்டுச் செய்தித்தாள்களும் அதையே மொழிபெயர்த்து எழுதின. 2024 டிசம்பரில் இன்டர்போல் அமைப்பு, இந்தச் சொல்லை இனிப் பயன்படுத்தாதீர்கள் என்று கேட்டுக்கொண்டது. ஏமாந்தவரைப் பன்றி என்று அழைத்தால் யார் காவல் நிலையத்துக்கு வருவார்? சரியான கேள்வி. நம் பக்கம் நாம் செய்வதும் இதே தவறுதான். பத்துப் பெண்களை ஏமாற்றி நகை பறித்தவனுக்கு நம் நாளிதழ்கள் 'கல்யாண மன்னன்' என்று பட்டம் சூட்டுகின்றன. ஏமாற்றியவன் மன்னன், ஏமாந்தவள் பெயர் மாற்றப்பட்டு, முகம் மறைக்கப்பட்டு, "ஆசை வார்த்தையில் மயங்கினாள்" என்ற வரிக்குள் அடைக்கப்படுகிறாள். இந்தச் சொல் எனக்குத் தாங்க முடியாத கோபத்தைத் தருகிறது. அடுத்து ஏமாறப் போகிறவள் அந்தச் செய்தியைப் படிக்கிறாள். தனக்கு நேர்ந்தால் வெளியில் சொல்லக் கூடாது என்று அப்போதே முடிவு செய்துகொள்கிறாள்.

புத்தி உள்ளவர்கள் ஏமாற மாட்டார்கள் என்ற எண்ணத்துக்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் எல்க்ஹார்ட் என்று ஒரு சிற்றூர். அங்கே ஹார்ட்லேண்ட் டிரை-ஸ்டேட் வங்கி இருந்தது. அதன் தலைவர் ஷான் ஹேன்ஸ், கடன் கொடுப்பதற்கு முன் ஆயிரம் கேள்வி கேட்டுப் பழகியவர். வாட்ஸ்அப் வழியாக வந்த தொடர்பை நம்பிக் கிரிப்டோ நாணயத்தில் இறங்கினார். தன் பணம் தீர்ந்தது. தேவாலயத்தின் பணம் போனது. மகளின் கல்லூரிப் படிப்புக்கு வைத்திருந்த பணம் போனது. கடைசியில் வங்கியின் பணத்திலிருந்து 4 கோடியே 71 லட்சம் டாலரை எடுத்து அனுப்பினார். 2023 ஜூலையில் வங்கியே மூடப்பட்டது. 2024 ஆகஸ்டில் அவருக்கு 24 ஆண்டு 5 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அங்கே காதல் இல்லை, ஆனால் வலை பின்னிய முறை ஒன்றுதான். வங்கித் தலைவரையே வீழ்த்தும் ஒன்றின் முன்னால், தஞ்சாவூர் ஆசிரியையை முட்டாள் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

அந்தப் பக்கம் உட்கார்ந்து "சாப்பிட்டீர்களா?" என்று தட்டச்சு செய்பவர் யார் என்பது இந்த விஷயத்தில் மிகவும் வேதனையான பகுதி. பல நேரங்களில் அவரும் ஏமாற்றப்பட்டு அங்கே போய்ச் சேர்ந்தவர். மியான்மரில் தாய்லாந்து எல்லையை ஒட்டிய மியாவாடி, அதன் அருகே கேகே பார்க் என்ற வளாகம், கம்போடியாவின் சிகனூக்வில் ஆகிய இடங்களில் உயர்ந்த மதில்களுக்குள் இந்தத் தொழில் நடந்துவந்திருக்கிறது. மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் ஏறத்தாழ 1,00,000 பேரும் இவ்வாறு வலுக்கட்டாயமாக மோசடி வேலையில் வைக்கப்பட்டிருக்கலாம் என்று ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் மதிப்பிட்டது.

அவர்களில் நம் பிள்ளைகளும் இருந்தார்கள். தாய்லாந்தில் கணினி வேலை, கை நிறையச் சம்பளம் என்ற பேச்சை நம்பிப் புறப்பட்டவர்கள், எல்லை தாண்டிக் கொண்டுபோகப்பட்டார்கள், அவர்களின் கடவுச்சீட்டு பிடுங்கப்பட்டது, மறுத்தால் அடியும் மின்சார அதிர்ச்சியும். 2022 செப்டம்பரில் அவர்களை மீட்கக் கோரித் தமிழக முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அக்டோபர் தொடக்கத்தில் 13 தமிழர்கள் சென்னை வந்து சேர்ந்தார்கள். 2025 பிப்ரவரியில் தாய்லாந்து அந்தப் பகுதிக்கு மின்சாரத்தை நிறுத்தியதையும் தொடர்ந்து வந்த சோதனைகளையும் அடுத்து ஆயிரக்கணக்கானோர் வெளியே வந்தனர். மார்ச்சில் இந்திய விமானப்படை விமானங்களில் 549 இந்தியர்கள் திரும்பினார்கள். ஒரு முனையில் வேலை தேடிய இளைஞன், மறு முனையில் துணை தேடிய பெண். இருவரையும் பிடித்த தூண்டில் ஒன்று. இவனுக்கு வேலை கொடுத்த ஏஜென்டையும் யாரும் விசாரிக்கவில்லை.

"வீடியோ அழைப்பில் பார்த்துவிட்டேன், ஆள் உண்மை" என்று சொல்வது இனிப் போதாது. 2024 அக்டோபரில் ஹாங்காங் போலீசார் ஒரு தொழிற்கூடக் கட்டடத்தில் 27 பேரைப் பிடித்தார்கள். செயற்கை நுண்ணறிவால் அழகான பெண் முகத்தைப் பூட்டிக்கொண்டு வீடியோவில் பேசிய கும்பல் அது. சுருட்டியது 36 கோடி ஹாங்காங் டாலர். ஏமாந்தவர்களில் இந்தியாவில் இருப்பவர்களும் உண்டு. பல்கலைக்கழகத்தில் டிஜிட்டல் ஊடகம் படித்தவர்களை வேலைக்கு வைத்திருந்தார்கள். புகைப்படத்தை இணையத்தில் போட்டுத் தேடிப் பார்ப்பது இன்றும் நல்ல பழக்கம்தான். திருடிய படமாக இருந்தால் வேறொருவரின் பெயரோடு அகப்படும். புதிதாக உருவாக்கிய முகம் எங்கேயும் அகப்படாது. ஆகவே படத்தை விட்டுவிட்டு ஆளைச் சுற்றியுள்ள உலகத்தை விசாரிக்க வேண்டும். எந்த மருத்துவமனை? பிரிட்டனில் மருத்துவம் பார்க்கும் ஒவ்வொருவரின் பெயரும் அந்நாட்டுப் பொது மருத்துவக் கவுன்சிலின் பதிவேட்டில் இருக்கும்; யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். அதில் பெயர் இருந்தாலும் நின்றுவிடக் கூடாது. உண்மையான மருத்துவரின் பெயரையே திருடியிருக்கலாம். மருத்துவமனையின் பொது எண்ணை நீங்களே தேடி எடுத்து அழையுங்கள். அவர் கொடுத்த எண்ணை அழைப்பது விசாரிப்பு ஆகாது. லண்டனில் தமிழ்க் குடும்பங்கள் நிறையவே உண்டு. உங்கள் தெருவில் ஒருவருக்காவது அங்கே ஒரு மருமகன் இருக்கக்கூடும். "நாளைக்கு என் ஒன்றுவிட்ட தம்பி உங்களை வந்து பார்ப்பான், ஒரு காபி சாப்பிடுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். உண்மையான ஆள் மகிழ்வார். மற்றவர் கோபித்துக்கொள்வார், அல்லது அன்றைக்கே அவசர அறுவை சிகிச்சை வந்துவிடும். "என் மேல் நம்பிக்கை இல்லையா?" என்று யாராவது கேட்டால், அந்தக் கேள்வியையே விடையாக எடுத்துக்கொள்ளலாம்.

சில வலைகளுக்கு ஆறு வாரம் வேண்டியதில்லை, ஆறு நிமிடம் போதும். முகநூலில் நட்பு அழைப்பு, உடனே வீடியோ அழைப்பு, எதிரே ஆடை களையும் பெண். அழைப்பு முடிந்ததும் உங்கள் முகத்தோடு சேர்த்துப் பதிவு செய்த காட்சி வருகிறது; அடுத்து 'போலீஸ் அதிகாரி' பேசுகிறார். இங்கே பணம் கட்டினால் ஓயாது. கட்டுகிறவர் என்று தெரிந்தால் கேட்பது கூடும். கட்டாதீர்கள், திரைப் பதிவுகளைச் சேமித்துவிட்டுத் துண்டியுங்கள். அந்தரங்கப் படங்கள் பரவாமல் தடுக்க 'ஸ்டாப் என்சிஐஐ' என்ற இலவச வசதி இருக்கிறது. படத்தை அங்கே அனுப்ப வேண்டியதில்லை. அதன் எண்வடிவக் கைரேகை, அதாவது படத்தை அடையாளம் காட்டும் ஒரு குறியீடு மட்டும் போகும். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 'டேக் இட் டவுன்' என்று தனி வசதி. பிள்ளைகள் இதைச் சொல்ல வரும்போது வீட்டில் முதலில் விழும் வார்த்தை வசவாக இருக்கக் கூடாது. உயிர் போகும் விஷயம் இது.

பணம் கேட்காத ஆளும் ஆபத்தானவராக இருக்கலாம். "என் கணக்கில் சிக்கல், சம்பளத்தை உன் கணக்குக்குப் போடச் சொல்கிறேன், நீ எடுத்து இன்னொருவருக்கு அனுப்பிவிடு" என்பார். வருவது இன்னொரு ஏமாந்தவரின் பணம். காவல்துறை முதலில் வந்து நிற்பது உங்கள் வாசலில். இதைவிடக் கொடுமை ஒன்று நடந்தது. 2014 டிசம்பரில், இணையத்தில் பழகிய அமெரிக்க ராணுவ வீரரைப் பார்க்க ஷாங்காய் போன ஆஸ்திரேலியப் பெண் ஒருவர், ஊர் திரும்பும் வழியில் கோலாலம்பூர் விமான நிலையத்தில் பிடிபட்டார். ஷாங்காயில் ஒருவர் கொண்டுபோகச் சொல்லிக் கொடுத்த பையில் ஒரு கிலோவுக்கு மேல் போதைப்பொருள். மலேசிய நீதிமன்றம் ஒன்று அவரை விடுவித்தது. மேல்முறையீட்டில் 2018இல் மரண தண்டனை விழுந்தது. 2019 நவம்பரில்தான் உச்ச அமைப்பான கூட்டரசு நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அவர் பேரப்பிள்ளைகள் எடுத்த பாட்டி.

வீட்டில் ஒருவர் இந்த வலைக்குள் இருக்கிறார் என்று சந்தேகம் வந்தால் என்ன செய்வது? சொன்னால் நம்ப மாட்டார் என்பதுதான் முதல் கஷ்டம். சிங்கப்பூர் அரசு இதற்காகவே 2025 ஜனவரியில் ஒரு சட்டம் இயற்றியது. போலீஸ் நேரில் சொல்லியும் நம்பாமல் பணம் அனுப்பத் துடிப்பவரின் வங்கிக் கணக்கை 30 நாள் வரை கட்டுப்படுத்த உத்தரவிடலாம், தேவைப்பட்டால் நீட்டிக்கலாம். தன் பணத்தைத் தான் அனுப்புவதை அரசு தடுப்பது சரியா என்று அங்கே கேள்வி எழுந்தது. ஆனாலும் ஒரு சட்டம் வேண்டியிருக்கிறது என்றால், அந்த நம்பிக்கை எவ்வளவு இறுகியது என்று புரிந்துகொள்ளலாம். ஆகவே "அவன் திருடன்" என்று தொடங்கினால் கதவு சாத்தப்படும். "அவரைப் பற்றிச் சொல்லேன்" என்று தொடங்குங்கள். செய்திகளை அவரே வாசித்துக் காட்டட்டும். சத்தமாக வாசிக்கும்போது, தனியாகப் படிக்கும்போது கேட்காத ஒரு குரல் அவருக்கே கேட்கும்.

பணம் போய்விட்டது என்று தெரிந்த நிமிடத்திலிருந்து நேரம்தான் பணம். இந்தியாவில் இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும். தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்திலும் பதிவு செய்யலாம். போன பணம் ஒரே கணக்கில் உட்கார்ந்திருக்காது. வாடகைக்கு எடுத்த கணக்குகள் வழியாகக் கை மாறிக் கை மாறி ஏடிஎம்மிலோ கிரிப்டோவிலோ கரையும். நடுவில் எங்காவது நிற்கும்போது புகார் போய்ச் சேர்ந்தால் வங்கி அதை முடக்கும். பிறகு நீதிமன்ற உத்தரவின் வழியாகத் திரும்பப் பெறலாம். எந்த ஊர்க் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். எல்லை எங்களுடையது அல்ல என்று திருப்பி அனுப்பப் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இடமில்லை. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 318, 319ஆம் பிரிவுகளும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவும் இதற்குப் பொருந்தும். அழைக்க வேண்டிய உதவி எண் சிங்கப்பூரில் 1799, மலேசியாவில் 997. சில மாதம் கழித்து, "இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் மட்டும் முன்பணம்" என்று யாராவது வழக்கறிஞர் பெயரிலோ இணைய நிபுணர் பெயரிலோ வந்தால், பழைய கும்பலே புது வேடத்தில் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏமாந்தவர்களின் பட்டியல் அவர்களுக்குள் விற்கப்படுகிறது.

அந்த ஆசிரியை நான்காவது தொகைக்காகத் தன் அண்ணனிடம் கடன் கேட்கப் போனார் என்று வைத்துக்கொள்வோம். எதற்கு என்று அண்ணன் கேட்டார். பதில் வராமல் கண்ணீர் வந்தது. அவர் திட்டவில்லை. தங்கையின் கைபேசியை வாங்கி, எல்லாவற்றையும் அழிக்கப் போன விரலைப் பிடித்து நிறுத்தினார். "எதையும் அழிக்காதே, அம்மா. இதெல்லாம் சாட்சி." பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து 1930ஐ அழைத்தார். மறுமுனையில் இருந்தவர் எப்படி ஏமாந்தீர்கள் என்று கேட்கவில்லை. எந்த வங்கி, எந்தத் தேதி, எத்தனை மணி, பரிவர்த்தனை எண் என்ன என்று கேட்டார். அண்ணன் கணக்குப் புத்தகத்தின் பின் அட்டையில் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே படித்துச் சொன்னார்: மூன்று வரிகள், மூன்று தேதிகள், 4,43,500 ரூபாய்.